அரசறிவியலில் ஆய்வு வடிவமைப்பு

அரசறிவியலில் ஆய்வு வடிவமைப்பு என்பது அரசு, அதிகாரம், தேர்தல், போர், புரட்சி முதலியவை பற்றி எழுப்பப்படும் ஒரு கேள்விக்கு எத்தகைய சான்றுகளைக் கொண்டு, எவ்வழியில் விடை காண்பது என்று முன்கூட்டியே வகுக்கப்படும் திட்டம் ஆகும். தரவுகளைத் திரட்டவும் பகுத்தாயவும் பயன்படும் நுட்பங்கள் ஆய்வுமுறைகள் எனப்படுகின்றன. அந்நுட்பங்களின் அடிப்படைகளையும் வரம்புகளையும் ஆராயும் துறை ஆய்வுமுறையியல் எனப்படும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசறிவியலில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவர்கள், பொதுவாக இவற்றைப் பாடமாகக் கற்கின்றனர்.

இயற்பியலாளரைப் போல அரசறிவியலாளர் தாம் ஆராயும் பொருளை ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதிக்க இயலாது. ஒரு நாட்டில் புரட்சி நிகழ்ந்தபின், அதே நாட்டை அப்புரட்சி நிகழாத நிலையில் காண்பதற்கு வழியில்லை. காணக் கிடைக்காத அந்த மறுநிலைக்கு ஈடாக எதனை வைத்து ஒப்பிடுவது என்பதே ஆய்வு வடிவமைப்பின் மையச் சிக்கலாகும். கீழே கூறப்படும் வடிவமைப்புகளிற் பல இச்சிக்கலை எதிர்கொள்ளும் வெவ்வேறு வழிகளே.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அரசறிவியல் பெரும்பாலும் அரசியலமைப்புச் சட்டங்களையும் அரசு நிறுவனங்களையும் விவரிக்கும் துறையாக இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்சு மெரியம் தலைமையில் இயங்கிய அறிஞர்கள், அரசியல் நடத்தையை நேரில் கண்டறிந்து அளக்கும் போக்கைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஹரால்டு கோசுனெல், 1924ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சிகாகோ நகரில் ஏறத்தாழ 6,000 குடிமக்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். சிலருக்கு வாக்களிக்க நினைவூட்டும் மடல்களை அனுப்பி, ஏனையோருக்கு அனுப்பாமல் விட்டு, இரு பிரிவினரும் வாக்களித்த அளவை ஒப்பிட்டார். 1927இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு அரசறிவியலின் முதற் களப் பரிசோதனைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரி எடுத்தலின் இன்றியமையாமையை உணர்த்தியது. லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு அஞ்சல் வழியே வாக்குச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, ஆல்பிரட் லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ஆனால், பிராங்கிளின் ரூசவெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரிகள் பெருமளவில் திரட்டப்பட்டமையும், விடை அனுப்பியோர் அனுப்பாதோரினின்றும் வேறுபட்டமையும் இப்பிழைக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மாதிரி எவ்வளவு பெரிது என்பதைவிட அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதே முதன்மையானது என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் வகுப்புகளில் எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடத்தையியல் அணுகுமுறை வலுப்பெற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் அமெரிக்கத் தேர்தல்கள் பற்றிய மாதிரி ஆய்வுகள் நடத்தப்பட்டன. அங்கேயே 1962இல் பல பல்கலைக்கழகங்கள் இணைந்து சமூக அறிவியல் தரவுகளைச் சேமித்துப் பகிரும் கூட்டமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. 1963இல் போர்கள் பற்றிய தரவுகளைத் தொகுக்கும் திட்டத்தை டேவிட் சிங்கர் தொடங்கினார்.

அடிப்படைக் கூறுகள்

ஆய்வுக் கேள்வி

ஆய்வு ஒரு கேள்வியில் தொடங்குகிறது. "சனநாயகம்" என்பது ஒரு தலைப்பு மட்டுமே. "வருமானம் குறைந்த சில நாடுகளில் சனநாயகம் நிலைத்திருக்க, வேறு சிலவற்றில் அது கவிழ்வது ஏன்?" என்பதே கேள்வியாகும். நல்ல கேள்விக்கு இரு பண்புகள் வேண்டும் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது: அது உலகிற்கு முக்கியமானதாக இருத்தல் வேண்டும், முன்னைய அறிஞர்கள் எழுதியவற்றோடு தொடர்புடையதாகவும் இருத்தல் வேண்டும். தொடக்கநிலை மாணவர்கள் கேள்வியை முடிவு செய்யுமுன்னரே ஆய்வுமுறையைத் தேர்ந்துகொள்வது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

கோட்பாடும் கருதுகோளும்

ஒன்று மற்றொன்றை ஏன் விளைவிக்கிறது என்பதற்கான விளக்கம் கோட்பாடு எனப்படும். அக்கோட்பாடு உண்மையாயின் உலகில் எதனைக் காண வேண்டும் என்னும் கூற்று கருதுகோள் ஆகும். காரணமாகக் கொள்ளப்படுவது சாரா மாறி என்றும், விளைவாகக் கொள்ளப்படுவது சார் மாறி என்றும் அழைக்கப்படுகின்றன. எத்தகைய சான்று கிடைப்பினும் பொய்யாகாத கூற்று கருதுகோளாகாது. ஆகவே, எதனைக் கண்டால் தம் கருத்தைக் கைவிட நேரும் என்பதை ஆய்வாளர் முன்னரே கூறுதல் வேண்டும்.

கருத்துருக்களை அளத்தல்

சனநாயகம், போர், அதிகாரம் போன்ற கருத்துருக்களை நேரடியாக அளக்க இயலாது. அவற்றைக் காணத்தக்க அடையாளங்களாக மாற்ற வேண்டியுள்ளது. சனநாயகத்தை ஆதாம் பிரிசவார்சுகியும் அவர்தம் குழுவினரும் "உண்டு" அல்லது "இல்லை" என இரண்டாகப் பகுத்தனர். பாலிட்டி எனப்படும் தரவுத்தொகுப்போ அதனை -10 முதல் +10 வரையான அளவுகோலில் இடுகிறது. டேவிட் சிங்கரின் திட்டம், களத்தில் 1,000 பேரேனும் இறந்த மோதலையே போர் எனக் கொண்டது. அளவுகோல் மாறினால் ஆய்வின் முடிவும் மாறக்கூடும். ஓர் அளவீடு கருதிய பொருளையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை எனவும், மீண்டும் அளந்தால் அதே விடை கிடைக்கிறதா என்பது நம்பகத்தன்மை எனவும் கூறப்படும்.

நேர்வுகளைத் தெரிவு செய்தல்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு நாடும், நகரமும், நிகழ்வும் நேர்வு எனப்படும். புரட்சிக்கான காரணத்தை அறியப் புரட்சி நிகழ்ந்த நாடுகளை மட்டும் ஆராய்ந்தால், அதே காரணங்கள் இருந்தும் புரட்சி நிகழாத நாடுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். இது தெரிவுச் சாய்வு ஆகும். தீடா இசுக்கோச்போல் 1979இல் வெளியிட்ட நூலில் பிரான்சு, உருசியா, சீனா ஆகியவற்றின் புரட்சிகளை விரிவாக ஆராய்ந்தார். புரட்சி நிகழாத சில நாடுகளையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டார். பார்பரா கெடிசு 1990இல் எழுதிய கட்டுரையில் இவ்வாதத்தை இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் பொருத்திப் பார்த்து, அங்குப் போரில் தோற்றும் புரட்சி காணாத நாடுகள் பல இருந்தமையைச் சுட்டிக்காட்டினார். எந்நேர்வுகளை எடுக்கிறோமோ அவையே விடையைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கட்டுரையின் சாரமாகும்.

முக்கிய வடிவமைப்புகள்

ஒப்பீட்டு ஆய்வு

நேர்வுகள் குறைவாகவும் மாறிகள் மிகுதியாகவும் இருப்பதே ஒப்பீட்டு முறையின் முதன்மைச் சிக்கல் என ஆரெண்டு லைப்பார்ட் 1971இல் எடுத்துரைத்தார். பிறவற்றில் ஒத்திருந்து விளைவில் மட்டும் வேறுபடும் நேர்வுகளை இணையாக வைப்பது இதற்கு ஒரு தீர்வாகும்.

அசுதோசு வர்சனே 2002இல் வெளியிட்ட, இந்தியாவில் இந்து-முசுலிம் வன்முறை பற்றிய நூல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவர் முசுலிம் மக்கள்தொகை விகிதத்தில் ஏறக்குறைய ஒத்த நகரங்களை மூன்று இணைகளாக எடுத்துக்கொண்டார்: அலிகர் - கோழிக்கோடு, ஐதராபாத் - இலக்னோ, அகமதாபாத் - சூரத்து. ஒவ்வோர் இணையிலும் முன்னது கலவரங்களுக்கு ஆட்பட்டது. பின்னது பெரும்பாலும் அமைதி காத்தது. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், அரசியல் கட்சி போன்ற அமைப்புகளில் இரு சமயத்தாரும் சேர்ந்து இயங்கிய நகரங்களில் வதந்திகள் அடக்கப்பட்டு வன்முறை தடுக்கப்பட்டது என்பது அவர் முடிவாகும். அமைதியான நகரங்களை ஆராயாமல் கலவர நகரங்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இம்முடிவை எட்டியிருக்க இயலாது. அமைதி நிலவியதால்தான் மக்கள் கலந்து பழகினரா, கலந்து பழகியதால்தான் அமைதி நிலவியதா என்னும் வினா இத்தகைய ஆய்வுகளின்மீது எழுப்பப்படுவதுண்டு.

தனி நேர்வு ஆய்வு

ஒரே நாட்டையோ நிகழ்வையோ ஆழமாக ஆராய்வது தனி நேர்வு ஆய்வாகும். இதில் ஆவணங்கள், நேர்காணல்கள், நாட்குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு காரணத்திலிருந்து விளைவு வரையான ஒவ்வொரு படியையும் பின்தொடர்வது நிகழ்முறைத் தடங்காணல் எனப்படுகிறது. இதில் எல்லாச் சான்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. சில சான்றுகள் கிடைக்காவிடில் கருதுகோள் வீழ்ந்துவிடும். ஆனால் கிடைத்தமையால் மட்டும் அது நிறுவப்படாது. வேறு சில கிடைத்தால் கருதுகோள் பெரிதும் உறுதிப்படும். கிடைக்காமையால் அது வீழாது. அலெக்சாண்டர் சார்ச்சு, ஆண்ட்ரூ பென்னெட் ஆகியோர் 2005இல் வெளியிட்ட நூல் இம்முறைக்குரிய பாடநூல்களுள் ஒன்றாகும்.

புள்ளியியல் ஆய்வு

நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நேர்வுகளைக் கொண்டு மாறிகளுக்கிடையேயான தொடர்பை அளப்பது புள்ளியியல் ஆய்வாகும். இரு மாறிகள் சேர்ந்தே மாறுவதால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. இரண்டையும் பாதிக்கும் மூன்றாவது மாறி ஒன்று மறைந்திருக்கலாம். தெரிந்த மாறிகளின் தாக்கத்தைக் கணக்கீட்டால் நீக்கலாம். அளக்கப்படாத மாறிகளை அவ்வாறு நீக்க இயலாது.

பரிசோதனை

மறைந்திருக்கும் மாறிகளின் தாக்கத்தைக் களைவதற்கான வழி சமவாய்ப்பு முறையில் பிரித்தலாகும். நாணயம் சுண்டுவதை ஒத்த முறையில் மக்களை இரு குழுக்களாகப் பிரித்தால், பிற எல்லாவற்றிலும் அக்குழுக்கள் சராசரியாக ஒத்திருக்கும். ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் ஆகிய இருவரும் 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் கொண்டு இத்தகைய பரிசோதனையை நடத்தினர். நேரில் சென்று அழைப்பது வாக்களிப்பை உயர்த்துகிறது. தொலைபேசி அழைப்பு உயர்த்தவில்லை என 2000இல் அறிவித்தனர். 2005இல் கோசுகே இமாய் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்து தொலைபேசி பற்றிய முடிவை மறுத்தார். மூல ஆசிரியர்கள் தம் தரவிலிருந்த பிழைகளைத் திருத்தி, தம் முடிவு நிற்பதாக மறுமொழி வெளியிட்டனர். தரவுகள் பொதுவில் வைக்கப்பட்டிருந்தமையே இவ்விவாதத்துக்கு இடமளித்தது.

இயற்கைப் பரிசோதனை

சில வேளைகளில் ஆய்வாளர் தலையீடின்றியே சட்டமோ வரலாறோ மக்களைப் பிரித்து வைத்துவிடுகிறது. டேனியல் போசுனர் 2004இல் வெளியிட்ட கட்டுரை, மலாவி - சாம்பியா எல்லையின் இருபுறமும் வாழும் செவா, தும்புகா மக்களைப் பற்றியது. குடியேற்றவாத ஆட்சியினர் வரைந்த அவ்வெல்லை இரு இனங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. பண்பாட்டு வேறுபாடு இருபுறமும் ஒன்றாக இருந்தும், மலாவியில் அவர்கள் அரசியல் எதிரிகளாகவும் சாம்பியாவில் நட்பினராகவும் உள்ளனர். மலாவியில் இவ்விரு இனங்களும் நாட்டின் மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் பெரியவை. எனவே அரசியல் அணிதிரட்டலுக்குப் பயன்படுகின்றன. சாம்பியாவில் அவை சிறியவை. எனவே பண்பாட்டு வேறுபாடு மட்டுமே பகைமைக்குக் காரணம் ஆகாது என்பது போசுனரின் முடிவாகும்.

இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்திலும் இராசசுத்தானிலும் எவ்வூராட்சிகளுக்கு ஒதுக்கீடு என்பது சமவாய்ப்பை ஒத்த முறையில் முடிவு செய்யப்பட்டமையால், இராகபேந்திர சட்டோபாத்யாய், எசுத்தர் டுப்லோ ஆகிய இருவரும் 265 ஊராட்சிகளை ஒப்பிட்டு ஆராய இயன்றது. பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகள் குடிநீர் போன்ற, பெண்கள் மிகுதியாகக் கோரிய வசதிகளில் கூடுதலாக முதலீடு செய்தன என அவர்கள் 2004இல் வெளியிட்டனர்.

விவாதங்கள்

கேரி கிங், ராபர்ட் கியோகேன், சிட்னி வெர்பா ஆகிய ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவர் 1994இல் வெளியிட்ட சமூக ஆய்வை வடிவமைத்தல் பற்றிய நூல், பட்டமேற்படிப்பு வகுப்புகளில் பரவலாகப் பாடமாக வைக்கப்பட்டது. எண்சார் ஆய்வும் பண்புசார் ஆய்வும் ஒரே தருக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது அதன் வாதம். இதற்கு மறுமொழியாக என்றி பிராடி, டேவிட் கோலியர் ஆகியோர் 2004இல் பதிப்பித்த தொகுப்பு, சில நேர்வுகளை ஆழ்ந்து அறிவதால் கிடைக்கும் சான்று, பல நேர்வுகளின் எண்களால் கிடைப்பதினின்றும் தன்மையிலேயே வேறானது என வாதிட்டது. 2012இல் கேரி கோர்ட்சு, சேம்சு மகோனி ஆகியோர் இவ்விரு மரபுகளையும் இரு வேறு பண்பாடுகளாக விவரித்தனர்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், "பெரெசுத்ரோயிக்கா" என்னும் புனைபெயரில் வெளியான மின்மடல் ஒன்று, அமெரிக்க அரசறிவியல் சங்கமும் அதன் ஆய்விதழும் கணித, புள்ளியியல் முறைகளுக்கே இடந்தருவதாகக் குற்றஞ்சாட்டியது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் இக்கருத்தை ஆதரித்தனர். 2003இல் சங்கம் புதியதோர் ஆய்விதழைத் தொடங்கியமை இவ்வியக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது.

அவ்வாண்டு சங்கத் தலைவரான சூசன் ருடால்ப், தம் கணவர் லாயிடு ருடால்புடன் இணைந்து 1950களில் அன்றைய சென்னை மாநிலத்தில் மாதிரி ஆய்வு நடத்தியவர். ஒவ்வொருவருக்கும் தனித்த கருத்து உண்டு, அதனைத் தனியே கேட்டுப் பெறலாம் என்னும் எடுகோள் அமெரிக்க வினாக்கொத்துகளின் அடிப்படையாக இருந்தது. ஊராரும் உறவினரும் சூழ்ந்திருந்து விடையளிக்கும் சிற்றூர்களில் இந்த எடுகோளே கேள்விக்குள்ளானது. அவ்வனுபவத்தை இருவரும் 1958இல் கட்டுரையாக வெளியிட்டனர். ஓரிடத்தில் உருவான கருத்துருக்களை வேறிடத்தின்மீது அப்படியே சுமத்தலாகாது என்பதைப் பிற்காலத்திலும் சூசன் ருடால்ப் வலியுறுத்தினார்.

கற்பித்தல்

முனைவர் பட்ட மாணவர்கள் பொதுவாக ஆய்வு வடிவமைப்பு, புள்ளியியல், பண்புசார் முறைகள் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்கின்றனர். துறையில் கிடைக்காத பயிற்சியைக் கோடைகாலப் பள்ளிகள் தருகின்றன. மிச்சிகனில் 1963 முதலும், இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் 1968 முதலும் இத்தகைய பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. பண்புசார் முறைகளுக்கான பயிற்சி நிலையம் 2002இல் அரிசோனாவில் தொடங்கிப் பின்னர் சிரக்கியூசு பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

இப்பாடங்களில் பின்வரும் பயிற்சிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன:

1. வெளியான ஒரு கட்டுரையின் கேள்வி, கோட்பாடு, சான்று, முடிவு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதுதல்.
2. அதே முடிவை விளக்கக்கூடிய மாற்றுக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தல்.
3. மூல ஆசிரியரின் தரவுகளைப் பெற்று அவருடைய கணக்கீடுகளை மீண்டும் செய்து பார்த்தல்.
4. சொந்த ஆய்வுக்கான முன்மொழிவை எழுதிச் சக மாணவர்களின் திறனாய்வுக்கு உட்படுத்துதல்.

இவற்றுள் மூன்றாவதை, மாணவர்கள் தரமான கட்டுரை எழுதக் கற்கும் வழியாகவே கேரி கிங் பரிந்துரைத்துள்ளார். பிறர் தரவைக் கையாளும் மாணவர், நூலில் ஒரு வரியாகத் தோன்றும் முடிவுக்குப் பின்னால் எத்தனை சிறு தீர்மானங்கள் உள்ளன என்பதை உணர்கின்றார்.

மறுஆய்வும் நேர்மையும்

2014 திசம்பரில் சயன்சு இதழில் மைக்கேல் லாகூர், டொனால்டு கிரீன் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. தற்பால் ஈர்ப்புள்ள ஒருவர் வீடு தேடி வந்து சிறிது நேரம் உரையாடுவதால் தற்பாலினத் திருமணம் பற்றிய மக்களின் கருத்து நீண்டகாலத்துக்கு மாறுகிறது என அது கூறியது. டேவிட் புரூக்மன், சோசுவா கல்லா ஆகிய இளம் ஆய்வாளர் இருவர் அதே முறையில் புதிய ஆய்வொன்றைத் தொடங்கியபோது, மூல ஆய்வில் கண்டதைப் போன்ற உயர்ந்த பங்கேற்பு விகிதம் தமக்குக் கிடைக்காததைக் கண்டனர். பின்னர் பீட்டர் அரோனோவுடன் சேர்ந்து தரவுகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்த முரண்களை 2015 மே மாதம் வெளியிட்டனர். தரவு திரட்டப்பட்டதை உறுதிசெய்ய இயலாத நிலையில், கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கிரீன் கோரினார். அம்மாத இறுதியில் சயன்சு இதழ் அதனைத் திரும்பப் பெற்றது.

2016இல் புரூக்மனும் கல்லாவும் மயாமியில் நடத்திய உண்மையான களப் பரிசோதனையின் முடிவை அதே இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 10 நிமிட உரையாடல், திருநர் மீதான காழ்ப்பைக் குறைந்தது 3 மாதங்களுக்குக் குறைத்ததாக அது காட்டியது. ஒரு கட்டுரை பொய்த்தமையால் அதன் கருத்து முழுவதும் பொய்யாகிவிடுவதில்லை என்பதும், அதனைத் தீர்மானிக்க மீண்டும் களத்துக்குச் செல்வதே வழி என்பதும் இதனால் பெறப்படும்.

ஆய்வுத் திட்டத்தைத் தரவு திரட்டுமுன்பே பதிவு செய்தல், தரவையும் கணினி நிரல்களையும் பொதுவில் வைத்தல் ஆகிய வழக்கங்கள் பின்னர் மேலும் பரவின. நேர்காணல் அளித்தோரின் பாதுகாப்பைக் கருதிப் பண்புசார் ஆய்வாளர் பலர், எல்லாத் தரவையும் வெளியிட வேண்டும் என்னும் விதியை எதிர்த்தனர்.

ஆய்வு அறம்

மனிதரை ஆராய்வோர் அவர்தம் ஒப்புதலைப் பெறுதல், தீங்கு நேராது காத்தல் ஆகிய கடமைகளுக்கு உட்பட்டவர். ஐக்கிய அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு பெல்மாண்ட் அறிக்கை இதற்குரிய அடிப்படைகளை வகுத்தது. 2014 அக்டோபரில் மொண்டானா மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 1 இலட்சம் பேருக்கு, நீதிபதித் தேர்தல் வேட்பாளர்களின் அரசியல் சார்பைக் காட்டும் மடல்கள் ஓர் ஆய்வின் பகுதியாக அனுப்பப்பட்டன. அவற்றில் மாநில முத்திரையும் இடம்பெற்றிருந்தது. தேர்தலிலேயே ஆய்வு தலையிடுகிறது எனக் கண்டனம் எழுந்ததை அடுத்து, ஆய்வாளர்களின் பல்கலைக்கழகங்களான இசுடான்போர்டும் டார்ட்மவுத்தும் வாக்காளர்களிடம் மன்னிப்புக் கோரின. தனியாளுக்கு மட்டுமன்றி, அரசியல் நிகழ்முறைக்கே ஆய்வு தீங்கிழைக்கலாம் என்பதை இது உணர்த்தியது. அமெரிக்க அரசறிவியல் சங்கம் 2020இல் மனிதர் மீதான ஆய்வுக்குரிய நெறிகளை ஏற்றுக்கொண்டது.

வரம்புகள்

எந்த வடிவமைப்பும் எல்லாக் கேள்விகளுக்கும் பொருந்துவதில்லை. சமவாய்ப்புப் பரிசோதனை காரணத்தை உறுதியாகக் காட்டினாலும், போரையோ புரட்சியையோ பரிசோதனைக்கு உட்படுத்த முடியாது, உட்படுத்தவும் கூடாது. ஓரூரில் கண்ட முடிவு மற்றோரூரிலும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. புள்ளியியல் ஆய்வு பரப்பைத் தந்தாலும் நிகழ்முறையைக் காட்டுவதில்லை. தனி நேர்வு ஆய்வு நிகழ்முறையைக் காட்டினாலும் அது பொதுவானதா எனக் கூறுவதில்லை. ஆகவே, ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று முறைகளை இணைத்துப் பயன்படுத்தும் கலப்பு முறை ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு முறையிலும் தேர்ச்சி பெறத் தேவையான காலமும் உழைப்பும் இவ்வழியின் இடர்ப்பாடுகளாகக் குறிப்பிடப்படுகின்றன.